உள்ளே பேசுகிறவள்

பிள்ளைகளே, ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மா, அவர் தங்கை, நடுவில் எலும்பும் தோலுமாக மகள். கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"இவளைப் பட்டினி போடுறது பேய்தான்க்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி பேயோட்டுற கோடாங்கியப் பாப்போம்" என்றாள் தங்கை.

"டாக்டரு நோயிங்காரு. மதுரைல சேத்து, கொஞ்சங்கொஞ்சமாச் சோறு குடுத்து, பேசிப்பேசித் தேத்தணுமாம்" என்றார் அம்மா.

"பேசினாப் பசிக்குமாக்கும்!"

மகள் மெதுவாகச் சொன்னாள்: "உள்ள ஒருத்தி, 'திங்காத, பன்னி மாதிரி இருக்க'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காம்மா."

"பாத்தியாக்கா!" தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரு கொரலுடி அது?" என்றார் அம்மா.

"என் கொரலுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை எழுந்தாள்.

"இவ கொரலுதான்னா, இவளையே எந்தக் கோடாங்கி ஓட்டுவான்? நீ எறங்கு" என்ற அம்மா, கண்டக்டரைக் கூப்பிட்டார். "மதுரைக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."