மூவாயிரம் டன்

மாப்பிள்ளை: வேண்டாம் அத்தை, அந்த ரெண்டாவது அடுப்புல மட்டும் கை வைக்காதீங்க.

அத்தை: ஆபீஸ்ல என்ன அத்தை? எடைப் பிரிவு மேடம்னு கூப்பிடுங்க.

மாப்பிள்ளை: சரி மேடம். நாம வரையற போர்க்கப்பல்ல நூறு பேர் சாப்பிடணும். ஒரு அடுப்பு எப்படிப் போதும்?

அத்தை: வீட்ல உங்க ஒருத்தருக்கு ஒரு அடுப்பை வச்சு நான் சமாளிக்கலையா?

மாப்பிள்ளை: நான் நூறு பேர் இல்லையே.

அத்தை: அதை நான்ல சொல்லணும்... இங்க பாருங்க. கப்பல் மூவாயிரம் டன்னைத் தாண்டி இருபது டன் நிக்குது.

மாப்பிள்ளை: இருபதுதானே...

அத்தை: ஒரு கிலோ தாண்டினாலும் தாண்டினதுதான். மூவாயிரம் வரைக்கும் இது கொர்வெட், சின்னப் போர்க்கப்பல். தாண்டிட்டா வகுப்பே மாறி ஃப்ரிகேட்ங்கிற பெரிய ரகம் ஆயிடும். ஃப்ரிகேட்டை இந்தச் சின்னத் தளத்துல கட்ட விடமாட்டாங்க. தெற்கே பெரிய தளத்துக்குத் தள்ளிடுவாங்க. வரைஞ்ச நீங்களும் பின்னாடியே மூட்டை கட்டணும்.

மாப்பிள்ளை: தெரியும் மேடம். அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே போச்சு.

அத்தை: அப்படியா? உங்க குறட்டை என் ரூம் வரைக்கும் கேக்குதே.

மாப்பிள்ளை: அது... கவலையில வர்ற குறட்டை.

அத்தை: ரெண்டு பீரங்கி இருந்துச்சு, இந்த மூவாயிரத்துக்காக ஒண்ணைக் கழட்டினோம். நீளத்தை வெட்டினோம். ஹெலிகாப்டர் இறக்கையை மடிச்சாத்தான் கொட்டகைக்குள்ளயே போகும். இவ்வளவு பட்டினி போட்ட கப்பல் எப்படித் திடீர்னு குண்டாச்சு?

மாப்பிள்ளை: அங்கங்க ஒரு சதை போட்டிருக்கும்...

அத்தை: எங்கெங்கன்னு பாத்துடுவோம். படிக்கட்டெல்லாம் அலுமினியமா இருந்துச்சு. யாரு இரும்பா மாத்தினது?

மாப்பிள்ளை: நான்தான். தீப்பிடிச்சா அலுமினியம் உருகிடும்ல?

அத்தை: ம்... நியாயம்தான். இருக்கட்டும்.

மாப்பிள்ளை: இருக்கட்டுமா?

அத்தை: ஏன், எடுத்துடவா?

மாப்பிள்ளை: இல்லை இல்லை. இருக்கட்டும்.

அத்தை: கேப்டன் ரூம்ல இது என்ன? குளியல் தொட்டியா?

மாப்பிள்ளை: அதுல தண்ணிதானே மேடம் இருக்கப்போகுது. தண்ணியும் எண்ணெயும் இந்தக் கணக்குல சேராதுன்னு விதியே இருக்கு.

அத்தை: தண்ணி சேராது. தொட்டி சேரும். வார்ப்பிரும்புல போட்டிருக்கீங்க.

மாப்பிள்ளை: பிளாஸ்டிக்னா கேப்டனுக்குக் கௌரவக் குறைச்சல்.

அத்தை: நம்ம வீட்ல பிளாஸ்டிக் வாளியில குளிக்கிறீங்களே, அதுல குறையாத கௌரவமா?

மாப்பிள்ளை: அதைப் பத்தி நான் என்னைக்காவது வாயைத் திறந்திருக்கேனா?

அத்தை: திறக்கலை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு... ஆமா, தெற்கே போனா தனி குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாமே?

மாப்பிள்ளை: அப்படியா? எனக்குத் தெரியாதே.

அத்தை: பால்கனியெல்லாம் இருக்காம்.

மாப்பிள்ளை: ரெண்டு பால்கனி.

அத்தை: தெரியாதுன்னீங்க?

மாப்பிள்ளை: ...யாரோ சொன்னாங்க.

அத்தை: சரி. தொட்டியும் இருக்கட்டும், அடுப்பும் இருக்கட்டும். இதுக்கு மேல குறைக்க வழியில்லை. மூவாயிரத்து இருபதுன்னே கையெழுத்துப் போட்டுடறேன்.

மாப்பிள்ளை: போட்டுட்டீங்களா?

அத்தை: போட்டாச்சு. இனிமே இது ஃப்ரிகேட்.

மாப்பிள்ளை: அடடா... எவ்வளவோ பாடுபட்டோம். உங்களைத் தனியா விட்டுட்டு எப்படி மேடம் போறது?

அத்தை: சிரிப்பை முழுங்கிட்டுச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: நான் எங்க சிரிச்சேன்?

அத்தை: மீசை ஆடுது. கையெழுத்துதான் ஆயிடுச்சே, இனி மறைச்சு என்ன? வேணும்னே எவ்வளவு ஏத்தினீங்க?

மாப்பிள்ளை: ...கோபப்படக் கூடாது.

அத்தை: படலை.

மாப்பிள்ளை: பத்து டன். எங்களுக்குன்னு ஒரு வீடு, நாங்களே பூட்டித் திறக்கிற வாசல்... அந்த ஆசைதான் அத்தை. வேற ஒண்ணும் இல்லை.

அத்தை: பத்துதானா?

மாப்பிள்ளை: சத்தியமா பத்துதான். அப்பவும் கப்பல் மூவாயிரத்துக்குள்ளதான் நின்னுச்சு, மேல ஏத்த எனக்குத் தைரியம் வரலை. நேத்து பாத்தா தாண்டி நிக்குது. எப்படின்னு எனக்கே புரியலை.

அத்தை: பின்னாடி பெரிய ரேடார் வந்தா வேணும்னு ஒரு ஒதுக்கு எடை வைப்போமே, எல்லாக் கப்பலுக்கும் வைக்கிறதுதான். இதுக்குக் கொஞ்சம் தாராளமா வச்சேன்.

மாப்பிள்ளை: நீங்களா? எதுக்கு?

அத்தை: கப்பல் மிதக்கிற வரைக்கும் எடை போட்டவங்களும் அது கூடவே போகணும் மாப்பிள்ளை. பொண்ணு இல்லாத வீட்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு நான் மட்டும் என்ன பண்றது? ரெண்டாவது பால்கனி ரூம் எனக்குன்னு அவ ஒதுக்கி வச்சாச்சு... இத்தனை வருஷம் நீங்க வீட்டோட மாப்பிள்ளையா இருந்தீங்க, இனிமே நான் வீட்டோட மாமியாரா இருந்துட்டுப் போறேன்.