பூந்தூள் எண்ணும் மெசின்

பரந்தன் சந்தியில் கிளிநொச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில், மூச்சு இழுக்கும் மகளை மடியில் வைத்திருந்த பெண் தன் அயல்காரியிடம் சொன்னாள்:

"சுவிசில காத்தில பறக்கிற பூந்தூளை எண்ண மெசின் வச்சிருக்கினமாம். அங்க இருக்கிற தம்பி போனில சொன்னவன்."

"எண்ணி என்ன செய்யிறது?"

"தூள் கூடினா இழுப்பு வருத்தக்காரருக்கு முதலே அறிவிக்கிறதாம். மழை பெய்தாலும் புகை படிஞ்சாலும் மெசின் பிழையா எண்ணுமாம். அதைத் திருத்தவும் ஆக்கள் இருக்கினமாம்."

"இவளுக்கு ஆஸ்பத்திரியில மருந்து தந்தவையோ?"

"சண்டையால பாதை பூட்டினாப்பிறகு மருந்து வரேல்லையாம். இண்டைக்கும் கேட்டுப் பாக்கத்தான் போறன்."

டீசல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் பஸ் கரும்புகை கக்கியபடி வந்து நின்றது. பிள்ளை இருமத் தொடங்கினாள்.

"அடுத்த பஸ்ஸில போவமே?" என்றாள் அயல்காரி.

"அதுவும் மண்ணெண்ணெயிலதானே வரும்" என்றவள், மகளின் மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஏறினாள்.