வாளியால் திரும்பிய படகு

அறுபதுகளில் ஒருநாள் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் போட்டுக்காகப் போர்ட் பிளேர் ஜெட்டியில் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கடைக்கார பாயும் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாளியை வெச்சுத்தான் பாய்மரப் படகைத் திருப்பினோம்," என்றார் பாய்.

"வாளியா?"

"கரையே தெரியாத தூரத்துல சுக்கான் உடைஞ்சுபோச்சு. பக்கத்துக்கு ஒரு வாளியைக் கயித்துல கட்டித் தண்ணியில விட்டோம். எந்தப் பக்கத்து வாளி தண்ணியில இழுபடுதோ, படகு அந்தப் பக்கம் திரும்பும். வலது வாளி எனக்கு. இடது வாளி என் மச்சானுக்கு."

"அரே, மூணு வருஷமா உங்களோட பேசாதவரா?"

"அவனேதான். 'போடு', 'தூக்கு'ன்னு, கரை சேர ஆன ரெண்டு நாளும் கத்திக்கிட்டே இருந்தோம்."

"கரையேறின பிறகு?"

"கயிறு அறுத்துப் புண்ணான என் கையைப் பார்த்துட்டு, 'வலிக்குதா மச்சான்'னு கேட்டான்."