எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுறது

– ஃபொண்டூ சாப்பிடேக்க சொல்லேலாது, யசோ.

– ஏன் ஏலாது? இரவு ஏழு மணிக்கு மேசை கிடக்கு. குகதாசன், மூண்டு பேர் எண்டு உங்கட பேரிலதான் பதிஞ்சிருக்கு. இதைவிட்டா வேற நேரம் எங்க இருக்கு?

– ஒழுங்கா யோசிச்சுப் பாரும். நடுவில ஒரு சட்டி. அதுக்குள்ள உருக்கின சீஸ். மூண்டு பேரும் பாண் துண்டைக் கம்பியில குத்தி அந்த ஒரு சட்டிக்குள்ளதான் தோய்க்க வேணும். தோய்ச்சுக்கொண்டு, "பிள்ளை, அம்மாவும் அப்பாவும் பிரியப்போறம்" எண்டு என்னெண்டு சொல்லுறது?

– தோய்க்காம இருக்கேக்க சொல்லுங்கோ.

– தோய்க்காம இருந்தா சீஸ் இறுகிப்போம்.

– அப்ப நாளைக்குக் காலமை சொல்லுவம்.

– நாளைக்குக் காலமை கரடி வரும்.

– என்ன கரடி?

– கரடி உடுப்புப் போட்ட ஆள். இந்த விளையாட்டுப் பார்க்கின்ர சின்னமே அதுதானே. காலமைச் சாப்பாட்டுக்கு மேசை மேசையா வந்து பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சுப் படம் எடுப்பார். நீர்தான் அந்தச் சாப்பாட்டுக்குப் பதிஞ்சனீர்.

– கிருசிக்கு விருப்பமெண்டு பதிஞ்சனான்.

– அவளுக்குப் பதின்மூண்டு வயசு. கரடியைக் கண்டா மேசைக்குக் கீழ போயிடுவாள். சரி, நாங்கள் விசயத்தைச் சொல்லுறம் எண்டு வையும். அவள் அழத் தொடங்குவாள். கரடி ஓடி வரும். அதுக்கு ஒண்டும் தெரியாது, கட்டிப்பிடிச்சு இடுப்பை ஆட்டும். படமும் எடுத்துப்போடுவாங்கள். பிறகு அதை வாசலில விக்கிறதுக்கு வைப்பாங்கள்.

– நாங்கள் வாங்கத் தேவையில்லையே.

– வாங்காட்டி அங்க தொங்கிக்கொண்டு நிக்கும், யசோ.

– விசர்க்கதை கதையாதேங்கோ. நேற்றுச் சொல்லியிருந்தா இண்டைக்கு இந்தப் பாடு இல்லை.

– நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில கூடாத கதை கதைக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது?

– நான்தான்.

– இண்டைக்குக் காலமை நான் வாயைத் திறந்தனான். நீர் மேசைக்குக் கீழால காலில மிதிச்சீர்.

– ஒம்பதரை மணி. சனிக்கிழமை அந்த நேரம் ராகுகாலம்.

– பிரியிறதுக்கும் நேரம் பாக்க வேணுமோ?

– பின்னை என்ன? கலியாணத்துக்குப் பாத்தவைதானே.

– பாத்தும் என்ன கண்டம்?

– சரி, அதை விடுங்கோ. மத்தியானம் உங்கட முறை. சாப்பிடாத பிள்ளைக்கு இப்பிடி ஒரு கதை சொல்லக் கூடாதெண்டு நான் பொறுத்துப் பொறுத்து இருந்தன். இந்த ஹோட்டல் குளியலறைக்குள்ள றைஸ் குக்கரை வச்சு, மேல கிடக்கிற புகை மணியைக் குளிக்கிற தொப்பியால கட்டி, சோறு ஆக்கிக் குடுத்தன். இறால் குழம்போட கோப்பையை வழிச்சு முடிச்சாள். நான் உங்களைப் பாத்தன். நீங்கள் தொண்டையைச் செருமினீங்கள். செருமிப்போட்டு என்ன கேட்டனீங்கள்?

– ஐஸ்கிறீம் வேணுமோ எண்டு.

– ஐஸ்கிறீம் வேணுமோ எண்டு!

– வேணுமெண்டுதானே சொன்னாள்.

– உங்கட பெரியண்ணைக்குச் சொல்லியிருந்தா, அந்தாள் லாங்கன்தாலிலயிருந்து வந்து எல்லாத்தையும் தானே சொல்லி முடிச்சிருக்கும்.

– அவர் சொல்ல வரமாட்டார். சேத்துவைக்கத்தான் வருவார். மச்சாளும் வருவா. மூண்டு நாள் நிண்டு கதைப்பினம். ஆர் சமைக்கிறது?

– நான்தான்.

– அதுக்குத்தான் அவருக்குச் சொல்லேல்லை.

– பதினஞ்சு வருசத்தில என்னை நினைச்சு நீங்கள் செய்தது அது ஒண்டுதான். அதுவும் பிரியிற நேரம் பாத்து.

– பொறும், பொறும். கிருசி இப்ப எங்க?

– வேற எங்க? கீழ நிண்டு கண்டவன் நிண்டவன்ர கழுத்தைப் பாத்துக்கொண்டு திரியிறாள். வயசுக்கு வந்த பிள்ளை.

– கழுத்தை இல்லை, கழுத்தில தொங்கிற நாடாவை. இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் நாடாவில படம் போட்ட சின்னப் பின்னுகளைக் குத்தி வச்சிருக்கினம். நாங்கள் ஒரு பின்னைக் குடுத்து, அவையிட்ட இருக்கிறதில விரும்பின பின்னைக் கேக்கலாம். அவை மாட்டெண்டு சொல்லக் கூடாது. வேலையில சேரேக்கயே அப்பிடித்தானாம் சொல்லிக் குடுக்கிறது.

– ஒரு பின்னைக் குடுத்து ஒரு பின்னை வாங்கினா கையில கிடக்கிறது ஒரு பின்தானே. இதில என்ன லாபம்?

– லாபத்துக்கு இல்லை யசோ. ஒரு தொகுதி நிரப்புறது. கரடி வந்திட்டுது. மர்மோட் எண்ட மலை அணில் வந்திட்டுது. மலையேறுற பல்லுச்சில்லு ரயில் வந்திட்டுது. இனிக் கறுப்புப் பசு ஒண்டுதான்.

– அந்தப் பசு வந்த உடன சொல்லுறதெண்டு நேற்றுச் சொன்னனீங்கள்.

– ஓம். பிள்ளை சந்தோசமா நிக்கேக்க சொன்னா கொஞ்சம் தாங்குவாள் எண்டு நினைச்சன்.

– இன்னும் வரேல்லையோ?

– அது லேசில கிடைக்காத பசு.

– அப்ப இது என்ன?

– எது?

– உங்கட ஜாக்கெற்றைக் கொழுவுவம் எண்டு தூக்க, என்ர விரலில குத்தினது. இந்தா. கறுப்பாக் கிடக்கு. கழுத்தில மணியும் கிடக்கு.

– அது பசுதான்.

– அது பசுதான் எண்டு எனக்கும் தெரியும். எப்ப கிடைச்சது?

– நேற்று. உள்ளுக்க வந்த உடன. டிக்கெற் பாக்கிற பெடியன்ர நாடாவில கிடந்தது. நீங்கள் ரெண்டு பேரும் டொய்லெற்றுக்குப் போயிருந்தனீங்கள்.

– நேற்றுப் பின்னேரம் முழுக்க மழைக்குள்ள பிள்ளையோட பசு தேடித் திரிஞ்சனீங்கள்.

– ஓம்.

– பொக்கெற்றுக்குள்ள பசுவை வச்சுக்கொண்டு.

– குடுத்தா சொல்ல வேண்டி வந்திடும், யசோ.

– வெக்கமாக் கிடக்கு கேக்க.

– நீர் மட்டும் என்ன திறமோ? உந்தச் சூட்கேசைப் பாரும். ரெண்டு நாளுக்கு வந்தனாங்கள். உள்ளுக்க கிடக்கிற கறி ஒரு கிழமைக்குக் காணும். இறால், கணவாய், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, எல்லாம் அவள் விரும்பிச் சாப்பிடுறது. விருப்பமான கறியோட இருக்கேக்க பிள்ளையைக் குழப்பக் கூடாதெண்டு நேற்று இரவு நீர்தான் சொன்னது. அப்ப எந்தச் சாப்பாட்டோட சொல்லுறது? அவளுக்குப் பிடிக்காத கறி ஒண்டும் நீர் கட்டிக்கொண்டு வரேல்லையே.

– பாவக்காய் வைப்பம் எண்டு எடுத்தனான். மனம் வரேல்லை.

– எனக்குப் பயமாக் கிடக்கு, யசோ. உண்மையாத்தான் சொல்லுறன். மெஷினுக்குள்ள கையை விடவே பயப்பிடாத ஆள் நான்.

– எனக்கு மட்டும் பயமில்லையோ? வயோதிபர் இல்லத்தில செத்துப்போன ஆக்களின்ர பிள்ளையளுக்கு நான்தான் போய்ச் சொல்லுறனான். இதைச் சொல்ல வாய் வருகுதில்லை.

– நாங்கள் பெரிசாச் சண்டையும் பிடிக்கேல்லை. அதுதான் அவளுக்கு விளங்கப்படுத்தக் கஷ்டம்.

– சண்டை பிடிக்கிறதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வீட்டில நிக்க வேணுமே. உங்களுக்கு ஃபாக்டரியில இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. பிரிட்ஜ் கதவில துண்டு எழுதி ஒட்டித்தான் கதைச்சனாங்கள். பால் வாங்கவும், பாண் முடிஞ்சுது எண்டு.

– எழுதினதெல்லாம் நான் வாங்கிவச்சனான்.

– வாங்கினனீங்கள். ஒரு நாளும் பால் இல்லாமல் போகேல்லை. பால் மட்டும்தான் இருந்தது. நான் அந்த வீட்டுக்குள்ள தனிச்சுப்போனன். அது உங்களுக்குத் தெரியுமோ எண்டும் எனக்குத் தெரியாது.

– தெரியும். நானும்தான்.

– சரி. அழப் பண்ணாதேங்கோ, அவள் வந்திடுவாள். அந்த வீட்டு விசயம் என்ன மாதிரி? எம்மன்புரூக்கே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நீங்கள் பாத்த ஒண்டரை அறை?

– இன்னும் ஒரு பதிலும் இல்லை. கிடைச்சா வாற ஒண்டாம் திகதி நான் போகலாம்.

– ஆர் அந்த வாடகை அலுவலகத்தோட கதைச்சது? டெலிபோனில ஸ்விஸ் டொய்ச் பாஷையில கதைச்சா உங்களுக்கு ஒண்டும் ஏறாதே.

– பிள்ளைதான்.

– எந்தப் பிள்ளை?

– எங்களுக்கு ஒண்டுதானே.

– என்ர கடவுளே! நீங்கள் தனிய இருக்கப்போற வீட்டைப் பிள்ளையைக் கொண்டோ கேப்பிச்சனீங்கள்?

– எங்கட எல்லாத்துக்கும் அவள்தானே கதைக்கிறது. வரி, இன்சூரன்ஸ், உம்மட பல்லு டொக்டர். பழக்கத்தில நம்பரை அடிச்சு அவளிட்ட நீட்டிப்போட்டன். திருப்பி எடுக்கிறதுக்கும் அவளின்ர நம்பரைத்தான் குடுத்தது. ஆனா நான் அப்பிடி விசரன் இல்லை. எனக்கெண்டு சொல்லேல்லை. கூட வேலை செய்யிற ஒராளுக்கெண்டு சொன்னனான்.

– ஆரெண்டு கேட்டவளோ?

– கேட்டவள். தவராஜா எண்டு சொன்னன்.

– தவராஜா போன மாசம்தானே சொந்தமா வீடு வாங்கினவர். குடிபூரலுக்கு அவளும் எங்களோட வந்தவள். அங்க பலூனும் ஊதிக் கட்டினவள்.

– அது எனக்குப் பேந்துதான் ஞாபகம் வந்தது.

– அவள் ஒண்டும் சொல்லேல்லையோ?

– இல்லை. அவருக்கு பல்கனி வேணுமோ எண்டு மட்டும் கேட்டாள். வேணுமெண்டு சொன்னன்.

– அவளுக்கு ஒண்டும் விளங்கியிருக்காதெண்டு நினைக்கிறீங்கள்?

– சின்னப் பிள்ளைதானே, யசோ. எந்த நேரமும் பின்னும் போனும். எங்களை ஆர் பாக்கிறது?

– ம்ம். இஞ்சருங்கோ.

– என்ன?

– இந்தப் பயணம் சொல்லாம விடுவமே?

– பிறகு எப்ப?

– பள்ளிக்கூடம் தொடங்கட்டும்.

– தொடங்கின உடன சொல்லேலாது. புது வகுப்பு, புது வாத்தியார்.

– அப்ப இலையுதிர் லீவுக்கு.

– அதுக்குள்ள நவராத்திரி வந்திடும். பிறகு நத்தார். நத்தாருக்கு ஆர் உதைச் சொல்லுறது?

– பொங்கலுக்கும் ஏலாது.

– பொங்கலுக்கும் ஒரு பானைதான், யசோ. ஃபொண்டூவைப்போலதான்.

– வீடு கிடைச்சிட்டா?

– வேண்டாமெண்டு சொல்லிப்போடலாம். இப்பத்தைக்கு.

– ஆரைக் கொண்டு சொல்லுவிக்கிறது?

– பிள்ளையைக் கொண்டுதான்.

– சிரியாதேங்கோ.

– நீரும்தானே சிரிக்கிறீர். எவ்வளவு காலமாச்சு.

– இப்பத்தைக்கு எண்டுதான் சொன்னனீங்கள். நான் வேற ஒண்டும் நினைக்கேல்லை.

– நானும் வேற ஒண்டும் சொல்லேல்லை. ஆனா, நவராத்திரிக்கு நான் பகல் வேலை கேட்டுப் பாக்கலாம். கேட்டா தருவாங்கள்.

– கேளுங்கோ. கேட்டுப் பாக்கிறதில என்ன. அந்தா, கதவு தட்டுது. அந்தப் பசுவை அவளிட்டக் குடுங்கோ. சொல்லாட்டி இனி அதை ஒளிக்கத் தேவையில்லை.

– அம்மா, கதவைத் திறங்கோ! கார்ட்டை உள்ளுக்க விட்டிட்டன். லிஃப்ட் வரைக்கும் இறால் குழம்பு மணக்குது.

– கத்தாதை கிருசி, ஹோட்டல்காரர் வரப்போறாங்கள். வா உள்ளுக்க. எல்லாம் மாத்தியாச்சே?

– ஓம். ரெண்டாவது கரடியைக் குடுத்து ஒரு மலையாடு எடுத்தன். பசு இல்லை.

– இந்தா பிள்ளை. உன்ர பசு. அப்பாவுக்குக் கிடைச்சது.

– தாங்க்ஸ் அப்பா.

– உனக்கு ஆச்சரியமா இல்லையோ?

– நேற்றே பாத்தனான். கஃபேயில நீங்கள் காசு எடுக்கேக்க அது கீழ விழுந்தது. காலால மறைச்சு எடுத்து வச்சனீங்கள். நீங்களாத் தருவீங்கள் எண்டு விட்டிட்டன்.

– அப்ப ஏன் மழைக்குள்ள என்னோட தேடித் திரிஞ்சனீ?

– உங்களுக்குத் தேட விருப்பமாக் கிடந்தது.

– சரி சரி, ரெண்டு பேரும் உடுப்பை மாத்துங்கோ. ஏழு மணிக்கு மேசை. கிருசி, அந்த நீலச் சட்டையைப் போடு. இண்டைக்குச் சந்தோசமாச் சாப்பிட்டிட்டு வருவம்.

– ஓகே அம்மா. அப்பா, அந்த வாடகை அலுவலகத்தில இருந்து நேற்று ஃபோன் எடுத்தவை. தவராஜா மாமாவுக்கு அந்த வீடு கிடைச்சிட்டுதாம்.

– ஓ. அது வந்து பிள்ளை, அவருக்கு இப்ப அது தேவைப்படாதெண்டு நினைக்கிறன்.

– ஓம். நான் வேண்டாமெண்டு சொல்லிட்டன்.

– வேண்டாமெண்டோ? கெட்டிக்காரி! யசோ, கேட்டீரே?

– கேட்டன், கேட்டன். என்ர குஞ்சு. ஏன் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னனீ?

– ஒண்டரை அறைதானே அம்மா. அதே கட்டடத்தில ரெண்டரை அறை ஒண்டு கிடக்காம், பல்கனியோட, அதை ஓமெண்டு சொல்லி எடுத்திட்டன். இல்லாட்டி அப்பாவிட்ட வாற நாளையில நான் எங்க படுக்கிறது?