இஞ்ஞாசி சாமியார் ஒப்படைக்காமல் போனது

தங்கம்: புதுச் சாமியார்கிட்ட குசுகுசுன்னு என்ன கேட்டிய?

ராஜசேகரன்: ஒண்ணும் கேக்கலையே.

தங்கம்: குழியில மண்ணு போட்டு முடிக்கல, அதுக்குள்ள அவரை மரத்தடிக்குத் தள்ளிட்டுப் போனிய. அந்த மனுசன் முழிச்ச முழியை நான் பாத்தேன்.

ராஜசேகரன்: அவரு முழிச்சது உன்னைப் பாத்துட்டி. முந்தானையில அரிசியை முடிஞ்சு வந்து குழிக்குள்ள போட்டியே... கிறிஸ்தவச் சாமியாருக்கு வாய்க்கரிசி போட்ட மொத ஆளு இந்த டெல்லியில நீதான்.

தங்கம்: இஞ்ஞாசி சாமியாருக்கு இங்க சொந்தம்னு யாரு இருக்கா? பன்னெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம என் கையால சொதி சாப்பிட்டவிய. வெறும் வாயோட அனுப்பச் சொல்லுதியளா?

ராஜசேகரன்: சரி, சரி. அழாத.

தங்கம்: அழல. சிரிப்பு வருது... சனம் பாக்கு. செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னு சிரிக்கோம்.

ராஜசேகரன்: சிரி. ஏசியாடு வெளையாட்டுக்குன்னு ரோட்டை இப்படித் தோண்டிப் போட்டிருக்கான், சரோஜினி நகர் பஸ் இப்ப எங்க வரப்போவுது.

தங்கம்: கடைசி வரைக்கும் அவியளுக்கு இந்தி வரலியே. நம்ம பயலுக்கு டைபாய்டு வந்தப்ப, நர்ஸம்மாகிட்ட இந்தியில சண்டை போடுதேன்னு போனாவ. அவ ஊசியைக் கையில வச்சிட்டு அரை மணி நேரம் சிரிச்சா.

ராஜசேகரன்: ஆனா கட்டில் வாங்கிக் குடுத்திட்டாவல்லா? அந்தக் குளிருல ரெண்டு ராத்திரி நம்மகூட வராந்தாவுலயே கெடந்தாவ.

தங்கம்: சாவும் அப்படித்தான். காலையில பூசை வச்சு, வெயிலுல நாற்காலி போட்டு, ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே இருந்து... பாதிப் பழத்தோட போயிட்டாவ. யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல. ...பேச்சை மாத்தாதிய. என்ன கேட்டிய?

ராஜசேகரன்: சார்ஜ் பத்திக் கேட்டேன்.

தங்கம்: என்ன சார்ஜு?

ராஜசேகரன்: எங்க ஆபீசுல ஒருத்தர் போனா, சீட்டுக்கு வாரவர்கிட்ட சார்ஜ் ஒப்படைக்கணும். பைலு, ரிஜிஸ்டர், பாக்கி வேலை எல்லாத்தையும். அதான் இவரும் எடுத்துக்கிட்டாரான்னு...

தங்கம்: ஏங்க, கோயில்ல உங்களுக்கு என்ன பைலு?

ராஜசேகரன்: நீ கத்தப்படாது.

தங்கம்: கத்துவனா இல்லியான்னு கேட்ட பெறவுல்லா தெரியும்.

ராஜசேகரன்: ரெண்டு வருசம் முந்தி சாமியார் நம்ம வீட்டுல குடையை மறந்திட்டுப் போனாவல்ல? அதைக் குடுக்கப் போனேன். கோயிலுக்குள்ள ஒரு மரக்கூண்டு. பக்கத்துல வலையடிச்ச ஜன்னல். ஏழெட்டுப் பேரு வரிசையில நிக்காவ.

தங்கம்: நீங்களும் நின்னுட்டியளாக்கும்.

ராஜசேகரன்: கவுண்டர்னு நெனச்சேன். டெல்லியில வரிசையைக் கண்டா நிக்கத்தானே தோணுது? பாலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை... என் முறை வந்துச்சு. முன்னால இருந்தவன் முட்டி போட்டான், நானும் போட்டேன். உள்ள இருந்து "எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டாவ. "இந்த டிபார்ட்மெண்டுல பத்து வருசம் ஆச்சு சார்"னேன்.

தங்கம்: அய்யோ... கொஞ்சம் இருங்க. வயிறு வலிக்கி.

ராஜசேகரன்: அது பாவத்தைச் சொல்லுத கூண்டாம். கடைசியாப் பாவத்தைச் சொல்லி எத்தனை நாளாச்சுன்னு கேட்டிருக்காவ. அவியளும் என் குரலைக் கண்டுபிடிச்சிட்டாவ. "ராஜசேகரா, இது உன் வரிசை இல்லப்பா"ன்னாவ.

தங்கம்: குடையைக் குடுத்திட்டு எந்திரிச்சு வர வேண்டியதுதானே?

ராஜசேகரன்: முட்டி போட்டாச்சு. உள்ள இருட்டு, மூஞ்சி தெரியல. வாயி தானா தொறந்திட்டு. அதுல இருந்து மாசம் ஒரு சனிக்கிழமை போறேன்.

தங்கம்: வாலிபால் பாக்கப் போறேன்னு சொன்னது...

ராஜசேகரன்: அதேதான்.

தங்கம்: அப்படி என்ன பாவம் பண்ணி வச்சிருக்கிய? பொம்பளை சமாச்சாரமா?

ராஜசேகரன்: சீ. எந்தப் பொம்பளை என்னைப் பாப்பா?

தங்கம்: அதுவும் நெசந்தான். அப்ப சீட்டாட்டமா?

ராஜசேகரன்: மத்தியானம் ஆபீசு புல்தரையில ஆடுததா? அது பாவத்துல சேராதுன்னு சாமியாரே சொல்லியாச்சு. ...தங்கம், மாத்தல் விசயம்.

தங்கம்: மெட்ராஸ் மாத்தலா? அதான் வருசா வருசம் உங்க ஆபீசர் சோப்ரா வேற யாருக்கோ போட்டுக் குடுக்கானே. அவன் கையி வெளங்குமா? தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் அல்வா குடுத்தேன், அவன் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன்.

ராஜசேகரன்: பாவம், சோப்ரா.

தங்கம்: என்ன பாவம்?

ராஜசேகரன்: அவரு வருசா வருசம் மொதல்ல என்கிட்டத்தான் கொண்டு வந்து நீட்டுவாரு. "ராஜசேகரன், மெட்ராஸ் ஜாவோகே?"ன்னு, போறியான்னு கேப்பாரு. நான்தான் "விருப்பமில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன். எட்டு வருசமா. கோவப்படாத. மெட்ராஸுக்குப் போனா அண்ணன் வீட்டு மாடியில இருக்கணும். செருப்பு எங்க விடணுங்கிறதக்கூட அண்ணன்தான் சொல்லுவாவ. இங்க நான் பாட்டுக்கு இருக்கேன். குளிருல வேர்க்கடலை தின்னுட்டு வெயில் காயுதேன். ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான். ஆனா நீ ஊரு ஊருன்னு உசுரை விடுத. உன்கிட்ட எப்படிச் சொல்ல?

தங்கம்: அதனால மூஞ்சியைத் தொங்கப்போட்டு, "இந்த வருசமும் கெடைக்கல தங்கம்"னு...

ராஜசேகரன்: ஆமா.

தங்கம்: போன வருசம் அப்படிச் சொன்னப்ப சாமியாரும் பந்தியில இருந்தாவ. நீங்க கண்ணைத் தொடச்சிய. நானும் மூக்கைச் சிந்தினேன். அவிய சொதி பொரையேறி, எந்திரிச்சு வாசலுக்கே ஓடிட்டாவ.

ராஜசேகரன்: அது பொரை இல்லட்டி. சிரிப்பு. எனக்கு அப்பவே தெரியும்.

தங்கம்: இந்த வருசப் பேப்பர்?

ராஜசேகரன்: நாளைக்குக் குடுக்கணும். போன சனிக்கிழமை சாமியார் முடிவாச் சொல்லிட்டாவ. "இனி இந்தக் கூண்டுக்கு வராத. கையெழுத்துப் போடுததுக்கு முன்னால தங்கத்துகிட்ட நீயே சொல்லிரு. அவ போகணும்னு சொன்னா, போ"ன்னாவ. சரின்னு தலையாட்டினேன். செவ்வாக்கிழமை அவிய போயிட்டாவ. செத்த மனுசனுக்குக் குடுத்த வாக்கை எப்படி மீறுதது?

தங்கம்: அப்ப புதுச் சாமியார்கிட்ட எதுக்குப் போனிய?

ராஜசேகரன்: நான் சொல்லுததுக்கு முந்தி அவரு பைலைப் பாத்திட்டு உன்கிட்ட சொல்லிட்டாருன்னா? அதான் கேட்டேன். "அந்தக் கூண்டுல கேட்டதுக்கு பைலும் கெடையாது, சார்ஜும் கெடையாது. எல்லாம் அவரோட போயாச்சு"ன்னு சொல்லிட்டாரு. பஸ் வருது. வா.

தங்கம்: போவட்டும்.

ராஜசேகரன்: அடுத்தது முக்கால் மணி நேரம் ஆவும்.

தங்கம்: ஆவட்டும்.

ராஜசேகரன்: தங்கம்... தோளு குலுங்குது. அழாதட்டி. நீ போகணும்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே "விருப்பம்"னு எழுதிக் குடுக்கேன். அண்ணன் சொல்லுத எடத்துல செருப்பை விடுதேன். நீ சொல்லு, அது போதும்... ஏ, என்னட்டி, சிரிக்கியா? எதுக்குச் சிரிக்க?

தங்கம்: எட்டு வருசமா, சனவரி பொறந்தா நான் அந்தக் கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு, "இவியளுக்கு மாத்தல் வரப்படாது சாமி, என்னை உங்க அக்கா தங்கச்சியா நெனச்சு ஜெபம் பண்ணுங்க"ன்னு இஞ்ஞாசி சாமியார் காலைப் பிடிச்சிட்டு வாரேன், உங்க மதினிகிட்ட அடுப்படிச் சாவிக்குக் கையேந்த என்னால முடியாது, நீங்கதான் ஊருக்கு ஏங்குதியன்னு நெனச்சு நானும் சேந்து அழுதேன், வருசா வருசம் மாத்தல் வராமப் போனது அவிய ஜெபத்தாலதான்னு இந்த நிமிசம் வரைக்கும் நம்பி, அவியளே போயிட்டாவளே, இனி யாரு நமக்காகக் கேப்பான்னுதான் குழிக்கிட்ட நின்னு அப்படி அழுதேன்.