தாமத டாக்டரின் ஆறு மாதம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர்களே, மறைந்த எங்கள் டாக்டர் சீரமைத்த தாடைகளோடு எதிரே அமர்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். அறுவை அறையில் பதினாறு ஆண்டுகள் அவருக்குக் கருவி எடுத்துக்கொடுத்த செவிலி நான்.

சற்றுமுன் நம் தலைமை மருத்துவர் அவரைப் 'பொறுமையின் சிகரம்' என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. போன மாதம்வரை அதே வாய்தான் அவரைத் 'தாமத டாக்டர்' என்று கேலி செய்தது. அவர் படத்துக்குப் பின்னால் 'ஒரே நாளில் பல்' விளம்பரப் பலகை தொங்குகிறது. இன்றைக்காவது அதைக் கழற்றி வைக்க மனம் வந்ததா?

ஏன் தாமதித்தார் எங்கள் டாக்டர்? பல் போய் நாளானால் தாடை எலும்பு கரைந்துவிடும். கரைந்த எலும்பில் செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகை இறக்கினால் அது எதைப் பிடித்து நிற்கும்? விளம்பரத்தையா?

கரைந்த இடத்தில் எலும்பு வளரத் தூள் வைக்கும் முன், மூன்றாம் வரிசையில் இருக்கும் தையல்கார அம்மாவிடம் அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"இந்தத் தூள் மாட்டெலும்புலேர்ந்து செய்றதும்மா. வேண்டாம்னா செயற்கைத் தூள் இருக்கு. உங்க தாடையிலேர்ந்தே எடுக்கலாம், ஆனா அங்கேயும் கீறணும். எதுவானாலும் ஆறு மாசம் காத்திருக்கணும். புரிஞ்சதை நீங்க சொல்லுங்க."

நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லாமல் அவர் கத்தியைத் தொட்டதே இல்லை.

"ஒட்டுப்போட்ட துணி, டாக்டர். தையல் நிக்கிறதுக்குள்ள இழுத்தா கிழிஞ்சிடும். மாட்டெலும்பே வைங்க" என்றார் அம்மா.

வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. நேற்று தலைமை மருத்துவர் அந்த அம்மாவிடம் சொன்னது இது: "டாக்டரே போயிட்டாரு, இன்னும் எதுக்கும்மா காத்திருக்கீங்க? வெள்ளிக்கிழமை வாங்க, பல்லு வச்சிடலாம்."

என்ன அக்கறை! என்ன வேகம்!

இந்த வேகக்காரர்களில் ஒருவர், தன் தாடைக்கென்று வந்தபோது, ஊர் அடங்கிய விடுமுறை நாளில் எங்கள் டாக்டரிடம்தான் வந்து படுத்தார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தோம். பெயரைச் சொல்லமாட்டேன், நோயாளியின் ரகசியம். குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொல்லி மூன்று வாரம் இங்கே நொண்டி நடந்தவர் யார் என்பது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கும்.

டாக்டர் அவர்களே, நீங்கள் விட்ட வேலையை நான் தொடர்கிறேன். வெள்ளிக்கிழமை திருகுப் பெட்டியைத் தயார் செய்ய வேண்டியவள் நான். செய்யமாட்டேன். இன்னும் மூன்று மாதம் போகட்டும். எலும்பு பிடித்ததைப் படமெடுத்துப் பார்த்த பிறகே அந்தப் பெட்டி திறக்கும். வேலை போனால் போகட்டும்.

மயக்க ஊசிக்கு முன் அந்த நொண்டி மனிதர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்:

"அவசரமே இல்ல டாக்டர். எத்தனை மாசம் ஆனாலும் நான் காத்திருக்கேன்."