டப்பிங் செய்யாத படம்

1. செண்பகத்தோப்புப் பக்கம் எடுத்த சின்னப் படம் ஒன்றை ராஜபாளையத்தில் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினேன்.
2. அதே படம் பார்த்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் தனித்தனி இருக்கைகளில் உட்கார்ந்தார்கள்.
3. பேருந்து கிளம்பியதும் மூத்தவர் எழுந்து இளையவர் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"ஏட்டி, ஹீரோயின் அழுததுக்கு நான் அழல. நீ பேசுனதுக்குத்தான் அழுதேன்."

"நான் எங்கக்கா நடிச்சேன்? ஷூட்டிங்குக்கு வீட்டக் குடுத்ததோட சரி."

"அவ வாசல்ல அழுதப்போ, உள்ள நீ மேக்கப் பிள்ளைகிட்ட என்னையப் பத்திச் சொன்னியே. 'கல்யாணமாகி வந்த புதுசுல நான் தாக்குப்பிடிச்சதே எங்க ஓரகத்தியாலதான்'னு. தியேட்டர்ல பளிச்சுன்னு கேட்டுச்சு."

"அது மைக்குல விழும்னு நான் கண்டனா?"

"பொறவு குரல் சேத்து டப்பிங் பண்ண படம் எடுத்தவியகிட்டத் துட்டு இல்லியாம். விழுந்த சத்தத்த அப்படியே விட்டுட்டாவ. நல்லவேள! பெரிய கம்பெனிக்காரன்னா அந்த எடத்துல வயலின வச்சு உன்னைய அமுக்கிருப்பான்."

இளையவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"வீட்டப் பிரிச்சு நடுச்சுவரு எழுப்புன பொறவு எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனியாட்டி?"

"நீங்க பேசுனியளாக்கா?"

"மேக்கப் பிள்ளைகிட்டச் சொல்லத் தெரியுது."

"உங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?"

மூத்தவர் இளையவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பாட்டு இல்ல, சண்ட இல்ல. ஆனாலும் நல்ல படம்ட்டி. இன்னொரு தடவ பாக்கணும்."

"நானும் வாரேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். நடுச்சுவர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு.